இன்னும் வராத நாலு ஐம்பது

மாலை நான்கு ஐம்பது என்று திரையின் அடியில் எழுதியிருக்கிறது, சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து, இந்த அறையில் ஐந்து பேர் இருக்கிறோம், ஐந்து பேரில் ஒருத்தருக்காவது சிரிப்பு வரவேண்டாமா? வரவில்லை. இன்னும் வந்தே சேராத ஒரு சாயங்காலத்தில் செய்துவிட்ட குற்றத்துக்காகப் புஷ்பக்காவை நிற்கவைத்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், அவளும் சேலைத் தலைப்பைத் திரிபோல முறுக்கிக்கொண்டு, "நா தொடவே இல்ல அண்ணாச்சி, கடியாரத்து மேல கையே வைக்கல" என்கிறாள். எந்தக் கடிகாரம், எந்தச் சாயங்காலம் என்று திருப்பிக் கேட்கமாட்டாளா? கேட்கமாட்டாள். அண்ணாச்சி குனிந்து திரையை முகர்ந்து பார்க்கிற மாதிரி பார்க்கிறார். தனுஷ்கோடி அண்ணாச்சி. தினசரிக் காலண்டர் அச்சடிக்கிறவர், சிவகாசியில் அடித்து ஊரூராகப் போய்ச் சுவரில் தொங்குகிறவர், நல்ல நேரம் ராகு காலம் எமகண்டம் மூன்றையும் தாள் தாளாகச் சனங்களுக்குக் கிழிக்கக் கொடுக்கிறவர். வந்ததும் மேலே வரவில்லை, கீழே காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம், அது கழியாமல் எங்கள் மாடிப்படியில் கால் வைக்கமாட்டார். காருக்குள் ராகுவோடு சேர்ந்து ஏசியில் உட்காரலாம், பாட்டுக் கேட்கலாம், படி ஏறத்தான் ஆகாது. இன்றைக்கு அவருடைய காலண்டர் இணையத்தில் ஏறுகிறது. முதல் தாளை நல்ல நேரம் பார்த்துத்தான் போட்டார்கள் என்று உலகத்துக்குத் தெரியவேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிய வரி இது: கடைசியாகத் திருத்திய நேரம். "யாரும் டைப் அடிக்கப்படாது, தானா விழணும். மெஷின் பொய் சொல்லாதுல்ல" என்றார் அன்றைக்கு. மெஷின் பொய் சொல்லாது. இதைச் சொன்ன வாயால்தான் இப்போது கேட்கிறார், "ஏம்மா, மணி இப்ப பன்னெண்டு. நாலு அம்பதுக்கு நீ எப்பிடிம்மா திருத்துன?" அவருக்குப் பின்னால் குணசீலன் சார், எங்கள் முதலாளி, கைகளைப் பிசைந்துகொண்டு, "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணாச்சி, இப்பவே வீட்டுக்கு அனுப்பிருவோம்" என்கிறார், இரண்டாவது தடவையாக. வீட்டுக்காம். புஷ்பக்கா வீட்டில் உட்காரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். வீட்டைத் தாண்டினால் பஸ் நிற்கிற இடம், பஸ் ஏறினால் பட்டாசு ஆலை, ஆலைக்குள் மருந்து ரூம். அங்கேயிருந்துதான் தட்டச்சு படித்து, கம்ப்யூட்டர் படித்து, இந்த நாற்காலிக்கு வந்தாள். அவளோடு ஒரே பலகையில் உட்கார்ந்து வெடிமருந்து அடைத்த அவள் நாத்தனாருக்குத் தீப்பட்டு இப்போது இரண்டு காதும் கன்னமும் ஒரே தோல். இந்த ஊரில் நாற்காலி என்றால் என்ன என்று அண்ணாச்சிக்கும் தெரியும், சாருக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் நாலு ஐம்பது நாலு ஐம்பது என்கிறார்கள், ஜோடிப்புறா மாதிரி.

இதில் ஜெகதீஷ் ஒருத்தன். சாரின் மச்சினன். மணிக்கட்டில் இரும்பு வளையம், கழுத்தில் அடையாள அட்டை. நாலு பேர் வேலை பார்க்கிற இடத்தில் இவனை யாருக்கு அடையாளம் தெரியாமல் போகும் என்று அந்த அட்டை? அட்டையில் நிரலாளர் என்று போட்டிருக்கிறது. அந்த அடிவரிக்கான நிரலை அவன் எழுதவில்லை, எங்கேயோ கிடந்ததை எடுத்து ஒட்டினான், எழுதின புண்ணியவான் கடைசியில் போட்டிருந்த பெயரையும் நன்றியையும்கூட எடுக்காமல் ஒட்டினான். ஒரே ஒரு வரி. இந்த ஃபைலைக் கடைசியாக எப்போது தொட்டார்கள் என்று பெட்டியைக் கேள், அது சொல்வதை அச்சடி. கேட்கப்படுகிற பெட்டி எது, அதற்கு எந்த ஊர்ச் சூரியன் என்று யோசிக்கிற பழக்கம் ஒட்டுகிறவனுக்கு ஏன் இருக்கப்போகிறது. இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத்தான், இது சிம்பிள் மேட்டர்" என்கிறான். "காலைல நல்ல நேரத்த விட்டுட்டாங்க. அப்புறம் பயந்துபோயி கம்ப்யூட்டர் கடியாரத்த நல்ல நேரத்துக்குத் திருப்பி வச்சு சேவ் பண்ணியிருக்காங்க. பதட்டத்துல காலைக்குப் பதிலா சாயங்காலத்துக்குப் போயிருச்சு. திருடுனவன் தடயத்த விட்டுட்டுத்தான போவான்." பேஷ். தடயம். காலையில் சூடம் கொளுத்தி, மானிட்டரின் தலையில் எலுமிச்சம்பழத்தை வைத்து, சாரும் சாரின் வீட்டம்மாவும் கோயிலுக்குப் போன பிறகு இந்த அறையில் இருந்தது நானும் புஷ்பக்காவும்தான். ஒன்பதே முக்காலுக்கு, காலை நல்ல நேரத்துக்குள், அவள் கண்ணை மூடிக்கொண்டு, மோதிர விரலால் பட்டனைத் தொட்டு சேவ் பண்ணியதை நான் பார்த்தேன். மோதிர விரலாம், மற்ற விரலுக்கு மகிமை போதாதாம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏறிருச்சுல்ல தம்பி?" என்றாள், விமானத்தை ஏற்றிவிட்டவள் மாதிரி. நான் தலையை ஆட்டினேன். அப்போது இந்த ஜெகதீஷ் வீட்டில் குளித்துக்கொண்டிருந்திருப்பான். இப்போது தடயம் பேசுகிறான், அவன் போட்டுக்கொண்டு வந்திருக்கிற சென்ட்டு வாடையும் சூடத்தின் வாடையும் சேர்ந்து அறை முழுக்க அடிக்கிறது. மின்விசிறியும் இல்லை. மின்சாரம் போய் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகிறது. புஷ்பக்காவின் கம்ப்யூட்டர் கறுத்துக் கிடக்கிறது, அதன் யூபிஎஸ் செத்து இரண்டு மழை பெய்துவிட்டது. இன்வெர்ட்டரில் ஓடுவது மூலையில் இருக்கிற இந்த ஒரு பெட்டி மட்டும், என்னுடைய பொறுப்பில் இருக்கிற பெட்டி, இதில்தான் அண்ணாச்சிக்குப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குத் தெரியும். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, அந்த நாலு ஐம்பது கண்ணில் பட்ட நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, இதில் கடிகாரத்தை யாரும் திருப்பவில்லை, மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. புஷ்பக்காவின் கம்ப்யூட்டர் விண்டோஸ், இது லினக்ஸ். இரண்டுக்கும் நடுவில் கம்பி இல்லை, போட்டுத் தருகிறேன் என்று சார் சொல்லி எத்தனையோ நாளாயிற்று. அதனால் அவள் எல்லா வேலையையும் பென் டிரைவிலேயே வைத்துப் பார்ப்பாள். அதில் அவள் ஃபைல்களுக்கு வைத்திருக்கிற பெயரைப் பார்க்கவேண்டுமே: கடைசி, புதுக் கடைசி, இதுதான் கடைசி, சாமி சத்தியமா கடைசி. அந்தப் பென் டிரைவை அங்கே பிடுங்கி இங்கே செருகுவாள், இன்றைக்கும் அப்படித்தான் செருகினாள். சங்கதி இதுதான், பென் டிரைவ் ஒரு மக்குத் தூதன். மணியைக் குறித்துக்கொள்ளும், எந்த ஊர் மணி என்று குறித்துக்கொள்ளாது. ஒன்பதரை என்றால் ஒன்பதரை. அதை விண்டோஸில் செருகினால் நம்மூர் ஒன்பதரை என்று அது எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் பெட்டி துரைவீட்டுப் பிள்ளை, ஊர் சொல்லாத மணியெல்லாம் சீமை மணி என்று நினைக்கும், சீமையில் ஒன்பதரை என்றால் நம்மூரில் மேலே ஐந்தரை மணி நேரம் என்று கூட்டிக் காட்டும். அவ்வளவுதான். கதை ஒன்று உண்டு. ஆற்றுக்கு இக்கரையில் ஒரு ராஜா, அக்கரையில் ஒரு ராஜா. இக்கரை ராஜாவுக்குக் கோழி கூவினால் நாள் பிறந்துவிடும், அக்கரை ராஜாவுக்கு விளக்கு வைத்தால்தான் நாள் பிறக்கும். நடுவில் ஓலை தூக்குகிற தூதன். வெள்ளிக்கிழமை வந்து சேர் என்று இவன் அனுப்புவான், வந்து சேர்ந்தால் அங்கே வியாழன், முன்னாலேயே வந்து வேவு பார்க்கிறாயா என்று அவன் உதைப்பான், திரும்பி வந்தால் இங்கே சனி, எங்கேயடா சுற்றிவிட்டு வருகிறாய் என்று இவன் உதைப்பான். கடைசியில் எந்த ராஜாவோ தலையைச் சீவினான். எந்த ராஜா? கேட்டபோது ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் கூடிப் பேசிச் சீவினார்களோ, அதற்காவது ஒரே நாளில் சந்தித்துக்கொண்டார்களோ. எந்த ராஜாவுக்கும் வெட்கம் வந்ததாகக் கதையில் இல்லை. ராஜாக்களைவிட்டால் ஜெகதீஷுக்கு வருமா. அவனுக்கு லினக்ஸ் என்றாலே அது கறுப்புத் திரை, அது மாரீசு பார்த்துக்கொள்வான். மாரீசு நான்தான். மாரீஸ்வரன். பெயரை முழுதாகக் கூப்பிட இந்த அறையில் யாருக்கும் நேரம் இல்லை, நல்ல நேரமும் இல்லை.

மூன்று வாக்கியம் போதும். எழுந்து நின்று, மூன்று வாக்கியம். இது விண்டோஸில் எழுதின பென் டிரைவ் அண்ணாச்சி. லினக்ஸ் அதைச் சீமை மணியாக எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. அக்காமேல் தப்பில்லை. மூன்றாவது வாக்கியம் கொஞ்சம் சினிமாமாதிரி இருக்கிறது, எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் காரணம் மட்டும் நிற்கும், கத்தி மாதிரி. ஐந்தரையைக் கழித்தால் என்ன வரும் என்று அவர்களே போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும், கூட்டல் கழித்தல் எல்லாம் காரணம் தெரியாதவர்கள் செய்யவேண்டிய வேலை. ஒன்பதே முக்கால் வரும், வேறென்ன வரும், நான்தான் பார்த்தேனே. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, நாற்காலியின் ரெக்சின் தொடையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாக்கு அண்ணத்தோடு. என் குரலைப் பற்றி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குப் பேச ஏற்றினார்கள், ஒரு பத்தி முழுக்கப் பேசி முடித்தேன், ஹெட்மாஸ்டர் பக்கத்தில் வந்து மைக்கைத் தட்டிப் பார்த்து, மைக் ரிப்பேர் என்று அறிவித்தார். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. எனக்கு அடுத்தாற்போல் ஏறினவன் இருமினான், அது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டது. இப்போது நான் பேசினால் என்ன ஆகும். ஜெகதீஷ் காதுக்குக் கையை வைத்து, "என்ன மாரீசு, கொசு எதுவும் கத்துதா?" என்பான். சார் சிரிப்பார். அண்ணாச்சி என்னை அப்போதுதான் பார்ப்பார், இவன் யாரு, டீ வாங்கித் தருகிற பயலா என்கிற பார்வையில். நான் சொல்கிற ஐந்தரை அவர்கள் காதில் விழுந்து, விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கும். பன்றிகளுக்குப் பன்னீர் எதற்கு? இருக்கட்டும். சண்டை எங்கேதான் போய் முடிகிறது பார்ப்போம். இல்லாத சாயங்காலத்துக்குப் போலீஸைக் கூப்பிடுகிறார்களா பார்ப்போம்.

புஷ்பக்கா என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு எட்டு தள்ளி வந்து நிற்கிறாள், ஜன்னல் காற்றுக்காக இருக்கும், அல்லது சாரின் பார்வையிலிருந்து ஒதுங்குவதற்காக. அவள் முழங்கை என் தோளில் படுகிறது, சில்லென்று இருக்கிறது, இந்த வெக்கையில் ஒருத்திக்கு எப்படிச் சில்லென்று இருக்கும். "மாரியம்மா மேல சத்தியமா அண்ணாச்சி, ஒம்பதே முக்காலுக்குத்தான் போட்டேன். கண்ண மூடி வேண்டிக்கிட்டுத்தான் போட்டேன்" என்கிறாள். இவளும்தான் எத்தனை தடவை இதையே சொல்லுவாள். மாரியம்மனை எதற்கு இழுக்கிறாள், மாரியம்மனுக்கு ஃபைல் தெரியுமா, லினக்ஸ் தெரியுமா. கம்ப்யூட்டர் தாமதித்தால் அதன் தலையில் தட்டி, "இன்னிக்கு இதுக்கு ஏதோ மனசு சரியில்ல தம்பி" என்கிறவள்தானே. தினமும் ராகு காலம் எமகண்டம் என்று தட்டிக்கொண்டே இருந்தாளே, ஒருநாளாவது தன்னுடைய மணி எங்கே போய் எப்படி விழுகிறது என்று கேட்டாளா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா. சொல்லியிருப்பேன். "யம்மா, சாமிய உடு" என்கிறார் அண்ணாச்சி, குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "நா அம்பது வருசமா நேரத்தத்தான் விக்கிறேன். ஒரு தாள்ல அரை மணி பிசகுனா கல்யாண வீட்டுலேர்ந்து போன் வரும், என் அப்பன் பேரச் சொல்லி ஏசுவாங்க. நேரத்துல ஏமாத்துற ஆளு எனக்கு ஆகாது. மறந்துட்டேன்னு சொல்லு, மன்னிச்சுருவேன்." அவள் சாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் திரையைப் பார்த்தேன். திரையில் எங்கள் நிறுவனத்தின் தாமரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஜெகதீஷ் ஒட்டின தாமரை. பக்கம் முழுக்க ஏறின பிறகும் அதற்கு நிற்கத் தெரியாது. "மறக்கல அண்ணாச்சி" என்றாள். "மறக்காததை மறந்தேன்னு எப்பிடிச் சொல்ல." "பாத்தீங்களா அத்தான், ஒத்துக்கவே மாட்டாங்க" என்கிறான் ஜெகதீஷ். சார், "புஷ்பம், பிடிவாதம் பிடிக்காத, அண்ணாச்சி எவ்வளவு பெரிய மனுசன், எறங்கி வந்து கேக்காரு" என்கிறார். இறங்கி வந்து இல்லை, ஏறி வந்து. ராகு காலம் கழிந்து ஏறி வந்து.

பிறகு ஒன்று நடக்கிறது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அண்ணாச்சி நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரில் தொங்குகிற தம்முடைய காலண்டரைத் தாமே ஒருதரம் பார்க்கிறார். உதடு அசைகிறது. பிறகு முகம் லேசாகத் தளர்கிறது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சரியாக அமைந்தவர் மாதிரி. "ஏப்பா குணசீலா, இன்னிக்கு சாயங்காலம் நாலரையிலேர்ந்து அஞ்சரை நல்ல நேரம்தான?" "ஆமாண்ணாச்சி." "அப்ப நாலு அம்பது நல்ல நேரத்துக்குள்ளதான் இருக்கு." "ஆமாண்ணாச்சி, உள்ளதான் இருக்கு." "சாயங்காலம் பாக்குறவனுக்கு இது சரியாத்தான் தெரியப்போவுது. நல்ல நேரத்துல போட்டிருக்கான்னுதான் நெனப்பான். இந்தப் பிள்ள என்ன தகிடுதத்தம் செஞ்சுச்சோ, எதையோ நல்ல நேரத்துல கொண்டாந்து போட்டுருச்சு. போவுது. புதுக்காரியம், கண்ணீர் விழவேண்டாம். இனிமே இப்பிடி செய்யாத, என்னம்மா?" புஷ்பக்காவின் முந்தானை முறுக்கு மெல்லப் பிரிகிறது. சார் பெருமூச்சு விட்டு, காபி சொல்லட்டுமா என்கிறார். முடிந்துவிட்டது. இப்படியா முடியும்? செய்யாத தகிடுதத்தத்துக்கு மன்னிப்பு, வராத சாயங்காலத்துக்கு நல்ல நேரம், ஒட்டுப்போட்ட நிரலுக்கு ஒரு குறையும் இல்லை, ஜெகதீஷ் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தான்தான் துப்புத் துலக்கியது என்கிற முகம். நாளைக்கு இதையே ஊரெல்லாம் சொல்வான். அந்தம்மா கடிகாரத்தைத் திருப்பிய கதை. அவள் இனி இந்த நாற்காலியில் கடிகாரத்தைத் திருப்பினவளாகவே உட்கார்ந்திருக்கவேண்டும். அநியாயம், என்கிறது மனசு. அநியாயம் என்கிற வார்த்தை வந்து விழுந்ததும் உடம்பெல்லாம் சூடாகிறது, சந்தோஷமான சூடு, தொடையிலிருந்து ரெக்சின் பிரிகிற சத்தம் கேட்கிறது, நான் எழுந்து நிற்கிறேன்.

"அண்ணாச்சி, அது அப்படி இல்ல." என் குரல்தான். மைக் ரிப்பேர் இல்லை. நான்கு முகமும் திரும்புகிறது. "அக்கா கடியாரத்தத் தொடல. இது விண்டோஸ்ல எழுதுன பென் டிரைவ். பென் டிரைவ்ல மணி மட்டும்தான் இருக்கும், எந்த ஊரு மணின்னு இருக்காது. இந்தப் பெட்டி அத லண்டன் மணின்னு எடுத்துக்கிட்டு அஞ்சரை மணி நேரம் கூட்டிக் காட்டுது. ரெண்டு பெட்டிக்கும் உள்ள வித்தியாசம், வேற ஒண்ணும் இல்ல. நெரல் எழுதுனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்." கடைசி வாக்கியம் நான் தயாரித்ததில் இல்லை, தானாக வந்தது, நன்றாக இருந்தது. ஜெகதீஷின் வாய் கொஞ்சம் திறந்து நிற்கிறது, உள்ளே பாக்குத் துண்டு. இதற்காக எத்தனை நாளும் காத்திருக்கலாம். சார், "அப்பிடியாடே?" என்கிறார், யாரைக் கேட்கிறார் என்று தெரியாமல். அண்ணாச்சி மட்டும் என்னை உற்றுப் பார்க்கிறார், டீ வாங்குகிற பயலைப் பார்க்கிற பார்வை இல்லை, மெச்சுகிற பார்வை. "தம்பி சொல்லுறது வெளங்குது" என்கிறார். "அப்ப இந்த மெசினு காட்டுறது எப்பவும் அஞ்சரை மணி கூட." "ஆமா அண்ணாச்சி." "கூட, கொறைய இல்ல." "கூடத்தான் அண்ணாச்சி." அவர் வலது கைக் கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைக்கிறார். ஒரு கணு, இரண்டு கணு. முகூர்த்தம் எண்ணி எண்ணித் தேய்ந்த விரல், ஒரு நொடிகூட ஆகவில்லை. "நாலு அம்பதுல அஞ்சரை போச்சுன்னா பதினொண்ணு இருபது" என்றார். பிறகு, யாருக்கோ அல்ல, விரலுக்கே சொல்கிறவர் மாதிரி, "ராகு காலம்."

இல்லை. ஒன்பதே முக்கால். நான் பார்த்தேன். ஒன்பதே முக்காலோடு ஐந்தரையைக் கூட்டினால், கூட்டினால் மூன்றேகால். மூன்றேகால் வந்திருக்கவேண்டும். நாலு ஐம்பது எப்படி. நான் கூட்டவே இல்லை. கழிக்கவும் இல்லை. மறுபடியும் கழித்துப் பார்க்கிறேன், பதினொன்று இருபதுதான், மறுபடியும், அதேதான், காலண்டர் விற்கிறவரின் கழித்தலில் பிசகு இருக்குமா. பதினொன்று இருபதுக்கு என்ன. பதினொன்று இருபதுக்கு விளக்கு இரண்டு தடவை கண்ணடித்தது. கண்ணடித்தால் மின்சாரம் போகப்போகிறது என்று அர்த்தம், இந்த ஊரில் கம்ப்யூட்டர் தொட்ட எல்லாருக்கும் கை தானாக சேவ் பட்டனுக்குப் போகும், யோசிக்காது, கொட்டாவிக்கு வாயைப் பொத்துகிற மாதிரி. எனக்கும் போனது. அவளுக்கும் போயிருக்கும். அவள் ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தன் இடது கையை, யாருடைய கையோ மாதிரி. "கரண்டு போகப்போவுதேன்னு அமுக்கிட்டேன் அண்ணாச்சி" என்றாள் மெல்ல. "ஒரு எழுத்தும் மாத்தல. ஒண்ணும் செய்யல. போயிரக்கூடாதேன்னு அமுக்குனேன்." "நீ பொய் சொல்லல தாயி" என்றார் அண்ணாச்சி, அவர் குரலில் இருந்த தயவை நினைத்தால் உடம்பு கூசுகிறது. "பொய்யே சொல்லல. ஏமாத்துனன்னு சொன்னது என் தப்பு. ஆனா மொதத் தாளு ராகு காலத்துல விழுந்துருச்சே. தெரியாம இருந்தா பரவால்ல, தெரிஞ்சுபோச்சே. அறிஞ்ச பெறகு அந்தக் கைய வச்சு நா எப்பிடி தொடர?" சாரின் பக்கம் திரும்பினார். "குணசீலா, சாயங்காலம் நல்ல நேரத்துல புதுசா போட்டுருங்க. இந்தப் பிள்ள வேணாம். வேற யாராச்சும்." என்னைப் பார்த்தார். "இந்தத் தம்பியே போடட்டும். வெவரமான தம்பி. கணக்கா பேசுது." சார், "உங்க வேலைதான் அண்ணாச்சி எங்களுக்கு இருக்குற ஒரே வேலை, வேற எதுல அந்தப் பொண்ண உக்கார வைக்க" என்று ஏதோ ஆரம்பித்து, அண்ணாச்சி படியிறங்கத் தொடங்கியதும் பாதியில் விட்டுவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். ஜெகதீஷ் என் முதுகில் தட்டினான். "செம மாரீசு" என்றான், உண்மையாகவே சொன்னான், அதற்கு என்ன செய்வது.

யாரையாவது பிடித்து இகழவேண்டும், உடனே, அவசரமாக, தண்ணீருக்குத் தவிக்கிற மாதிரி. அண்ணாச்சியை இகழலாம் என்றால் அவர் கழித்தது சரி. ஜெகதீஷை இகழலாம் என்றால் அவன் சொன்னதைக் கேட்டு அவளை விட்டுவிட இருந்தார்கள். கரண்ட் ஆபீஸை இகழலாம், சீமையை இகழலாம், பென் டிரைவ் வடிவமைத்த எவனோ வெள்ளைக்காரனை. ஒருத்தனும் கைக்கு அகப்படவில்லை. புஷ்பக்கா அவளுடைய மேசைக்குப் போய் டிபன் தூக்கை எடுக்கிறாள், கண்ணாடிக் கூட்டை எடுக்கிறாள், கம்ப்யூட்டரின் மேல் விழுந்திருந்த சூடக் கரியை, இனி அது அவளுடைய கம்ப்யூட்டர் இல்லை என்பது தெரியாத மாதிரி, உள்ளங்கையால் துடைத்துவிடுகிறாள். அழவில்லை. அழுதால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். என் நாற்காலிப் பக்கம் வந்து நின்றாள். "தம்பி, இந்த அஞ்சரை மணி விசயம் ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அண்ணாச்சி வந்தப்பவே, அக்கா."

"அவரு கேக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே?"

"ம்."

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை, ஒரு கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்கிறவள் முகம்தான் இருந்தது.

"ஏன்டா, நா ஒனக்குப் பக்கத்துலதான நின்னேன்."

பிறகு தூக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள்.